ஹமாதா வீட்டுக் கல்லறையில் திரேஸ்புரத்து மெழுகுதிரி

1

கல்லறைத் திருநாள் நெருங்கினால் என் தம்பி சகாயத்திடமிருந்து போன் வந்துவிடும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கிறான். வருடம் முழுக்க வாட்ஸ்அப்பில் மாதா படமும் காலை வணக்கமும் அனுப்புவதோடு சரி. அக்டோபர் கடைசியில் மட்டும் குரல் கேட்கும். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று, மாலைக்குச் சொல்லியாயிற்று, மெழுகுதிரி வாங்கியாயிற்று என்று ஒப்பிப்பான். எல்லாம் முடிந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்விக்கு வருவான்.

"யக்கா, இந்த வருசம் எத்தன பேருக்கா?"

எத்தனை ஜப்பான்காரர்களுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று என்று கேட்கிறான். அக்கா ஜப்பானில் மிஷனரி சிஸ்டர் என்று கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருப்பவன் அவன். மீன் ஏலம் போடுகிற இடத்தில் நாலு பேர் விசாரித்தால் சொல்ல அவனுக்கு ஒரு பதில் வேண்டும்.

"ஒன் வலையில மீன் படாத நாளு உண்டுமால, இல்லையா?" என்று நான் ஒருமுறை மடக்கினேன்.

"உண்டும். ஆனா இத்தன வருசமா படாட்டா நாங்க எடத்த மாத்திருவோம்லா" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வருடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

நான் இருப்பது ஜப்பானின் ஒரு சின்ன வளைகுடா ஊர். இங்கேயும் முத்துதான் பிழைப்பு. ஆனால் நம் ஆட்களைப் போல முத்துச் சிப்பி கிடக்கும் பாரைத் தேடி மூழ்குவதில்லை. சிப்பியைக் கூட்டில் வளர்த்து, அதன் சதையைக் கீறி ஒரு மணியை உள்ளே வைத்து, மறுபடி கடலில் தொங்கவிடுகிறார்கள். இதைச் சொன்னபோது சகாயம் நம்பவே இல்லை. "கடல்ல வெதைக்காங்களா? அப்போ அவனுவ கடலுக்குப் போறவனுவளா, சம்சாரியளா?" என்று கேட்டான். சம்சாரி என்றால் எங்கள் பக்கத்தில் பயிர் செய்பவன். விதைப்பதையும் காத்திருப்பதையும் வைத்து நம் சாமியார்கள் அருமையான பிரசங்கம் செய்வார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் கடற்கரையில் எங்கள் முன்னோருக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்த அதே புனிதர்தான் பிறகு கப்பலேறி ஜப்பானுக்கும் வந்தார். அதனால் ஊரில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு, இங்கேயும் தெருவுக்கொரு சிலுவை நட்ட குருசடி இருக்கும் என்று. அப்படியெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலை நிறைப்பவர்கள் வியட்நாமிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள். ஜப்பானியர் என்று பார்த்தால் முன் பெஞ்சில் தலை நரைத்த சில பெண்கள், அவ்வளவுதான்.

என் பெயர் ஜெசிந்தா. அந்தப் பெயரால் இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஏறிவிட்டது. ஜப்பானில் குடும்பப் பெயரைத்தான் சொல்லி அழைப்பார்கள், பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து. ஆகவே குடியேற்ற அலுவலகத்திலிருந்து காய்கறிக் கடைவரை நான் அந்தோணி சான். விசா புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு தடவை, இது ஆண் பெயர் ஆயிற்றே, ஆள் மாறிவிட்டதா என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார் ஓர் அதிகாரி. இது அப்பாவின் பெயர், எங்கள் ஊர் வழக்கம் என்று விளக்கினேன். அப்படியானால் உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர் எது என்றார். அவருடைய அப்பாவின் பெயர் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது பிடித்திருக்கிறது. கடலைத் தவிர எங்கும் போகாத என் அப்பாவை ஒரு நாளைக்கு எத்தனையோ ஜப்பானியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் சபை இங்கே ஒரு பாலர் பள்ளி நடத்துகிறது. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் யாரும் கிறிஸ்தவர் இல்லை. அனுப்புவது சாப்பாடு நன்றாக இருக்கும், சிஸ்டர்கள் அடிக்க மாட்டார்கள் என்பதற்காக. நான் 'ஆமாம்' என்பதற்கு நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். அது இங்கே யாருக்கும் புரியாது. பிள்ளைகள் மட்டும் பழகிக்கொண்டு, வீட்டிலும் அப்படியே ஆட்டித் தாய்மாரைக் குழப்புவார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையராகவும் ஆடாகவும் வந்து வாய் நிறையப் பாடுவார்கள். ஆறு வயதில் பெரிய பள்ளிக்கூடம் போனால் அத்தோடு சரி. தெருவில் கண்டால் குனிந்து வணங்குவார்கள், கோயில் பக்கம் வர மாட்டார்கள். அடுத்து படிப்பு, பெருநகரம், வேலை. ஷோத்தா என்று ஒரு பையன் இருந்தான். அவன் செய்த கழுதை வேஷத்தை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. இப்போது தோக்கியோவில் இருக்கிறான். அவன் பாட்டிதான் சச்சிகோ.

3

சச்சிகோ ஹமாதாவைப் பார்த்தால் பாட்டி மாதிரியே தெரியாது. முத்துப் பண்ணையில் சிப்பி கீறி மணி வைக்கும் வேலையில் வாழ்நாள் போனது. விரல்களில் அவ்வளவு நேர்த்தி. ஓய்வு பெற்றபின் எங்கள் பாலர் பள்ளிச் சமையலறைக்கு வந்து சேர்ந்தார். சகாயம் பார்சலில் அனுப்பும் மக்ரூனை முதலில் வாயில் வைத்த ஜப்பானியர் அவர்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைத் துணியில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனார். வீட்டில் இறந்தவர்களுக்கென்று ஒரு சின்னப் பீடம் வைத்திருப்பார்கள். நல்ல பண்டம் எது கிடைத்தாலும் முதலில் அங்கே வைப்பது வழக்கம். கணவர் படத்துக்கு முன்னால் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு, பிறகு சச்சிகோவின் வாய்க்குப் போனது.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். அவர் பேசியது ஜப்பானிய மொழிதான். ஆனால் என் காதில் யார் பேச்சும் திரேஸ்புரத்துப் பேச்சாக மாறித்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"அந்தோணி சான், எனக்கு ஞானஸ்நானம் வேணும். ஆனா எங்க வீட்டுக்காரர விட்டுட்டு வர முடியாது."

எங்கள் பங்குச் சாமியார் ஜப்பானியர், அதிகம் பேசாதவர். கேட்டதும், "பீடம் அது இருக்க எடத்துலயே இருக்கட்டும். அங்கேயே ஒக்காந்து அவருக்காக ஜெபம் பண்ணட்டும்" என்று முடித்துவிட்டார். ஆக, கோயில் பக்கமிருந்து தடை இல்லை. தடை வந்தது மகனிடமிருந்து.

மகன் கென்ஜி ஐம்பதைத் தாண்டியவர். அப்பாவின் முத்துத் தெப்பங்களை இப்போது அவர்தான் பார்க்கிறார். ஷோத்தாவின் அப்பா. இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரே கல்லறை. எரித்த அஸ்தியைச் சின்ன ஜாடியில் இட்டு, கல்லுக்கு அடியில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வைப்பார்கள். புருஷன் போனபோதே பெண்சாதியின் பெயரையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. உயிரோடிருப்பவர் பெயருக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். அவர் போனதும் அந்தச் சிவப்பை எடுத்துவிடுவார்கள். ஹமாதா வீட்டுக் கல்லில் சச்சிகோவின் பெயர் சிவப்பில் காத்திருந்தது. கென்ஜி அம்மாவிடம் சொன்னது இதுதான்:

"ஞானஸ்நானம் வாங்கிக்கோ. வேண்டாங்கல. ஆனா அப்பா கல்லறையில ஒனக்கு எடம் கெடையாது. பேர எடுத்துருவேன்."

சச்சிகோ அழவில்லை. "அப்போ நான் கடைசி பெஞ்சுலயே இருந்துக்கிடுதேன்" என்றார். அப்படியே இருந்தார். ஞாயிறு தவறாமல் வருவார், ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. சாமியா புருஷனா என்று ஒரு மனுஷியிடம் கேட்பது என்ன நியாயம்?

எங்கள் சபைச் சிஸ்டர்கள் சிலர் பிரேசிலில் குடியேறிய ஜப்பானியர் நடுவில் வேலை செய்கிறார்கள். அங்கே அந்த ஜப்பானியர் தாராளமாகக் கோயிலுக்கு வருவார்களாம், பாட்டுக் குழுவில்கூடச் சேர்வார்களாம். அவர்களே ஊர் திரும்பினால் வாய் மூடிவிடும். காரணம் வேறொன்றுமில்லை, ஊரில் குடும்பக் கல்லறை நின்றுகொண்டிருக்கும். நான் வந்த புதிதில் இதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். என் அப்பா கிடக்கும் குழியிலேயே அம்மாவையும் வைத்ததை எண்ணிப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டேன்.

4

போன வருடம் கல்லறைத் திருநாள் பூசை முடிந்ததும் சச்சிகோ என்னிடம் வந்து, வீட்டுக்காரர் கல்லறைக்கு வந்து ஒரு ஜெபம் சொல்ல முடியுமா என்று கேட்டார். குன்றின் மேல் ஊர்ப் பொதுக் கல்லறை. கீழே வளைகுடா, அதில் வரிசையாக முத்துத் தெப்பங்கள். சகாயம் இந்நேரம் அப்பா அம்மா கல்லறையில் மாலையோடு நிற்பான் என்ற நினைப்பில் என் மனசு நெகிழ்ந்து கிடந்தது. கோயிலில் மிஞ்சிய மெழுகுதிரிகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன்.

நம் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். திரியின் அடியை உருக்கி, கல்லறை மேலேயே அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஓரம் பூரா, தலைமாடு, கால்மாடு, குருசின் தோள் எல்லாம் திரிதான். கல்லறை தெரியக் கூடாது, வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும் என்பது எங்கள் தெருவின் கொள்கை. சச்சிகோ கல்லுக்கு வாளித் தண்ணீரை அகப்பையால் மொண்டு ஊற்றி, துடைத்து, பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றினார். அத்தோடு அவர்கள் வழக்கம் முடிந்தது. அதற்கு மேல் நான் ஆரம்பித்தேன்.

கல்லின் உச்சியில், படியில், பூ வைக்கும் கிண்ணங்களுக்கு நடுவில், எங்கே சமமாக இருந்ததோ அங்கெல்லாம் ஒட்டினேன். சச்சிகோவின் கண்கள் விரிந்தன. ஆனால் இங்கே யாரும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். அவர் பணிவாக எனக்குத் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முட்டிபோட்டு, கண்ணை மூடி, பாதி ஜப்பானியத்திலும் பாதி தமிழிலுமாகச் செபமாலை சொன்னேன். நல்ல காற்று.

கண்ணைத் திறந்தபோதுதான் கல்லைப் பார்த்தேன். நம் கல்லறைகள் சிமெண்டு, வருடா வருடம் வெள்ளையடித்தால் எல்லாம் மறைந்துவிடும். இது முகம் தெரியும்படி இழைத்த கறுப்புக் கல். உச்சியிலிருந்து மெழுகு தாரை தாரையாக வடிந்து, பக்கவாட்டில் வெட்டியிருந்த எழுத்துகளில் இறங்கி உறைந்திருந்தது. சச்சிகோவின் பெயரில் சிவப்பைக் காணோம். எல்லாம் வெள்ளை.

அம்மாவைக் கூட்டிப்போக வேனில் வந்த கென்ஜி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

5

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம், நானும் திரேஸ்புரத்துக்காரிதான், ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை போட்டிருப்பேன். அவர் வேனுக்குப் போய், பிளாஸ்கில் வெந்நீரும் துண்டும் மூங்கில் சீவல் இரண்டும் எடுத்து வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். சச்சிகோவை வேனுக்குள் உட்காரச் சொல்லிவிட்டார்.

"மெதுவாச் சொரண்டுங்க. செவப்பு போயிரக் கூடாது" என்றார்.

பேரை எடுத்துவிடுவேன் என்று சொன்ன மனிதர், அந்தப் பெயரின் சாயம் உதிர்ந்துவிடக் கூடாதென்று பயப்படுகிறார். நானும் மெதுவாகச் சுரண்டினேன். வெந்நீர்த் துண்டை வைத்தால் மெழுகு இளகும், உடனே சீவ வேண்டும். அவர் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார். நான் கல்லின் உச்சியை.

சுரண்டிக்கொண்டே கேட்டார். "ஒங்க ஊர்ல இப்படித்தான் செய்வீங்களா?"

"ஆமா. அப்பா அம்மா கல்லறையில இன்னைக்கு என் தம்பி ஏத்துவான்."

"வருசா வருசமா?"

"வருசா வருசம். படகு கடலுக்குப் போகாது. ஊரே கல்லறையில கெடக்கும்."

அவர் சீவலைத் துண்டில் துடைத்தார். "கிறிஸ்தவங்க ஆயிட்டா செத்தவங்கள விட்டுருவாங்கன்னுல்லா நெனச்சிருந்தேன். அம்மா அங்க போயிட்டா அப்பாவ யாரு பாப்பா? நான் இருக்க வரைக்கும் நான் வருவேன். எனக்கப்பறம் ஷோத்தா வரமாட்டான். போன வருசமும் வரல, அதுக்கு மொதல் வருசமும் வரல."

விஷயம் அதுதான். சாமி மேல் அவருக்குச் சண்டை இல்லை. அப்பாவை யாருமில்லாமல் விட்டுவிடுவோமோ என்ற பயம்.

"நவம்பர் மாசம் பூரா எங்க கோயில்ல எறந்தவங்க பேரச் சொல்லி ஜெபிப்போம்" என்றேன். "சொந்தக்காரங்க வரணும்னு இல்ல. யாரும் வராட்டியும் பேரச் சொல்லுவோம்."

"எங்கப்பா ஒங்க ஆளு இல்லையே."

"இல்லாட்டி என்ன? ஒங்கம்மாவோட ஆளுல்லா."

"நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவீங்க."

"நான் போனா இன்னொரு சிஸ்டர் வருவா. அவ மெழுக ஒழுங்காப் பிடிப்பா."

சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியாது, அவர் முகம் கல்லின் பக்கம் இருந்தது. கடைசியில் "யோசிக்கிறேன்" என்றார். ஜப்பானில் 'யோசிக்கிறேன்' என்றால் இல்லை என்று பொருள். இத்தனை வருடத்தில் அது தெரியாதா எனக்கு? எழுத்துகள் சுத்தமாகிவிட்டன, சிவப்பு அப்படியே இருந்தது. உச்சியில் மட்டும் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு திட்டு நின்றுவிட்டது. பல தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சில வாரம் சமையலறையில் சச்சிகோவின் முகத்தை நேராகப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, கென்ஜி பள்ளி வாசலில் வந்து நின்றார். ரப்பர் பூட்ஸில் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா ஞானஸ்நானத்துக்கு நான் என்ன உடுப்புப் போட்டுட்டு வரணும்?" என்று கேட்டார்.

நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். சந்தோஷத்தில் வேறு ஒன்றும் வரவில்லை. அவர் குழம்பிப் போய் நின்றார்.

6

ஈஸ்டர் இரவு பாஸ்கா பூசையில் சச்சிகோ தலை குனிந்து தண்ணீரை வாங்கிக்கொண்டார். ஞானப் பெயராக, அந்தோணியின் பெண் வடிவமான 'அன்டோனியா' என்று கேட்டு வைத்துக்கொண்டார். அந்தோணி சான் பெயர்தான் தனக்குப் பழக்கமான பெயர் என்று காரணம் சொன்னார். என் அப்பா இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். வெற்றிலையை மென்றுகொண்டு, "நல்லதுதாம்ளா" என்றிருப்பார்.

கென்ஜி கறுப்புக் கோட்டில், அம்மா வழக்கமாக உட்காரும் கடைசி பெஞ்சில் இருந்தார். ஷோத்தா வரவில்லை. அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: கழுதை வாழ்த்துச் சொன்னதாகச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எனக்கு அது போதும். அவன் மறக்கவில்லை.

7

இந்த வருடம் கல்லறைத் திருநாள் அன்று கென்ஜியே வேனோடு வந்தார். மெழுகுதிரி இருக்கிறதா என்று கேட்டார். கல்லறையில் போய்ப் பார்த்தால், கல்லின் படிக்கு அளவெடுத்து விளிம்பு மடித்த ஒரு தகரத் தட்டு அடித்து வைத்திருக்கிறார், மெழுகு அதில்தான் விழ வேண்டும். பக்கவாட்டில் சச்சிகோவின் பெயர் சிவப்பிலேயே இருந்தது. உச்சியில் பழைய கறையும் அப்படியே இருந்தது. கல் வேலைக்காரரைக் கூப்பிட்டு இழைத்தால் போய்விடுமே என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

சச்சிகோ தண்ணீர் ஊற்றினார், ஊதுவத்தி வைத்தார், பிறகு அவரே திரிகளைத் தட்டில் நட்டார். சிப்பிக்குள் மணி வைத்த விரல், ஒன்றுகூடச் சாயவில்லை. மூன்று பேரும் கும்பிட்டு நிற்கும்போது என் போன் அடித்தது. சகாயம். இந்த வருடம் முன்கூட்டிக் கூப்பிடவில்லை, அன்றைக்கே வீடியோவில் வந்தான். அங்கே மதிய வெயில். சாயங்காலம் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்கு முன்னால் கல்லறையை அலங்கரிக்க வந்திருந்தான். பின்னால் வெள்ளையடித்த குருசு, செவ்வந்தி மாலை.

நான் போனைத் திருப்பி ஹமாதா கல்லறையைக் காட்டினேன். சகாயம் தட்டைக் கவனித்துவிட்டான்.

"அது என்னக்கா, தகரம்?"

"மெழுகு கல்லுல படாம இருக்க. இந்த அண்ணாச்சி செஞ்சது."

"நல்ல வேலக்காரராத் தெரியுதே." கென்ஜியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் போனுக்குக் குனிந்து வணங்கினார். உங்கள் பிள்ளைகளும் வந்திருக்கிறார்களா என்று சகாயத்திடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எங்க! மூத்தவன் மஸ்கட்டுல, லீவு கெடைக்கல. சின்னவன் போனும் கையுமா வீட்டுல கெடக்கான்."

இதை நான் ஜப்பானியத்தில் சொன்னதும் கென்ஜி மெல்லத் தலையசைத்தார். அப்படியானால் நமக்குப் பிறகு யார் ஏற்றுவார்கள் என்று கேட்டார். சகாயம் திரும்பிக் குருசைப் பார்த்தான்.

"இருக்கவன் ஏத்துவான்னு சொல்லுங்க."

சொன்னேன். பிறகு சகாயம் தன் வழக்கமான கேள்விக்கு வந்தான். தொண்டையைச் செருமியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யக்கா, இந்த வருசம் எத்தன பேருக்கா?"

"ஒருத்தங்கதாம்ல. இந்தா நிக்காங்கல்லா." சச்சிகோவைக் காட்டினேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சச்சிகோவை நன்றாகப் பார்த்தான். "அப்போ அந்தக் கல்லறையில கெடக்கது அவுக வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அவரு சேரலையோ?"

"இல்ல. அதுக்கு முன்னாலயே போயிட்டாரு."

சகாயம் பையில் கையைவிட்டு இன்னொரு மெழுகுதிரி எடுத்தான். அடியை உருக்கி, அப்பா அம்மா கல்லறையின் தலைமாட்டில், மற்ற திரிகளுக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தான். வெயிலில் சுடர் தெரியவில்லை. அது பற்றியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு கல்லறையைப் பார்த்து, வீட்டுக்குள் படுத்திருப்பவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

"யப்பா, யம்மா, ஜப்பான்ல இருந்து ஆளு வந்திருக்கு. அக்காவுக்கு வேண்டியவுக. கொஞ்சம் தள்ளிப் படுங்க."

என் தம்பி என்ன சொன்னார் என்று கென்ஜி கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். சச்சிகோ என் கையைப் பிடித்துக்கொண்டார். கென்ஜி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போனுக்கு முன்னால் நேராக நின்று, தரையைப் பார்க்கக் குனிந்தார். நிமிர்ந்ததும் சொன்னார்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க, அந்தோணி சான். எங்கப்பா சின்ன ஜாடிதான். அதிகம் எடம் அடைக்க மாட்டாரு."